பின் சீட்டுப் பாரம்

கல்மண்டபத்து அலி அக்பர் பட்டறையில் மாட்டிய புது ஹெட்லைட் இரண்டும் முந்தின நாள் சாயங்காலம் தரையைத்தான் பார்த்தன. மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் இக்னேஷியஸ் காரைக் கிளப்பிச் சுவிட்சைத் தட்டினால், வெளிச்சம் ரோட்டை விட்டுவிட்டு எதிர் வீட்டு மாடிக் கொடியில் காய்ந்த பாவாடை மேல் போய் உட்கார்ந்தது. திருவொற்றியூரில் அவர் தெருவே சிரித்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

துறைமுகத்தில் கப்பல் சரக்கைக் கிளியர் பண்ணித் தருகிற மனிதர். தன் அம்பாசிடருக்குச் சீமைக் காரின் விளக்கு மாட்டப் போவதைப் பூசையில் பக்கத்தில் முழங்காலிட்டவரிடம்கூடச் சொல்லிவிட்டார். பழைய விளக்குக்கு என்ன கேடு என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவார். போன டிசம்பர் யுத்தத்தின்போது ஊரோடு அவரும் இருட்டடிப்புக்காக விளக்கின் மேல்பாதியில் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தார். யுத்தம் முடிந்ததும் எல்லோரும் சுரண்டி எடுத்தார்கள். இவர் சுரண்டின இடம் மட்டும் விடிந்தால் மறுபடி கறுத்திருந்ததாம். அவர் மனைவி ஐரீன் இதை மீன் வாங்குகிற இடத்தில் சொல்லிச் சிரித்தாள். டிசம்பரிலிருந்து பின் சீட்டில் யாரையும் ஏற்றுவதில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொன்னாள். புருஷன் கார் வைத்திருக்க, அவள் அம்மாவும் அவளும் ரிக்‌ஷாவில் கோயிலுக்குப் போனால் ஊர் வேறென்ன பேசும்?

இக்னேஷியஸ் காரைத் திருப்பிக்கொண்டு நேரே பட்டறைக்கு வந்தார். அலி அக்பர் பீடியை அணைத்தான்.

"இன்னா சாரே, மாடில துணி காயப் போட்டா உன் லைட்டு போயி எட்டிப் பாக்குதாமே?"

"வெளாட்டுக்கு வரல. நேர் புடிச்ச லட்சணமா இது?"

நேர் பிடிப்பதில் அலி அக்பருக்கு ஒரு முறை உண்டு. பட்டறைக்கு எதிரே உப்புக் கிடங்கின் சுவர். அதில் விளக்கின் உயரத்துக்குச் சாக்கட்டியால் இரண்டு சிலுவைக் குறி. ஒரு விளக்கைக் கோணியால் மூடிவிட்டு, மற்றதன் திருகைத் திருப்புளியால் முடுக்கி, வெளிச்சத்தைக் குறிக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து நிறுத்துவான். அதற்கு முன்னால் பின் சீட்டில் ஆளை உட்கார வைத்துவிடுவான். பின்னால் பாரம் ஏறினால் வண்டி குந்தும், மூக்கு தூக்கும், வெளிச்சம் மேலே போகும். ஆகவே பாரத்தோடுதான் பிடிக்க வேண்டும் என்பான். முந்தின நாள் இக்னேஷியஸ் அதற்குச் சம்மதிக்கவில்லை. "பின்னாடி எவனும் குந்தக் கூடாது. காலி வண்டிக்கே புடி" என்று கத்தியிருந்தார்.

அலி அக்பர் திருகுகளைத் தடவிப் பார்த்தான். வைத்த இடத்தில் இருந்தன. பிறகு காருக்குப் பின்னால் போய்க் குந்தினான்.

"லைட்டு மேல தப்பு இல்ல சாரே. வண்டிதான் குந்திகினு கீது. டிக்கில இன்னா?"

"ஒண்ணுமில்ல."

திறந்து காட்டினார். ஸ்டெப்னி, ஜாக்கி, ஒரு அழுக்குத் துணி. அலி அக்பர் பம்பரை அமுக்கினான். அசையவில்லை.

"ஸ்பிரிங்கு பூரா எறங்கிப்பூட்ச்சி. நம்ப லியோனார்ட் அண்ணன் குந்துனாதான் இம்மாம் எறங்கும்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். இக்னேஷியஸ் டிக்கியை அறைந்து மூடினார்.

லியோனார்ட் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்கி நடக்கிற உடம்பு. யுத்தத்தின் இருட்டடிப்பில், பாதி மூடிய விளக்கோடு வந்த அம்பாசிடர் அந்த உடம்பில்தான் மோதியது. கால் முறிந்தவர் தானாகவே கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்கு வுடு சார், உனுக்குப் புண்ணியமா போவும்" என்றார். டிக்கியில் கப்பலிலிருந்து ஒளித்து இறக்கிய கைக்கடிகாரங்கள் இருந்தன. ஆஸ்பத்திரி என்றால் போலீஸ், போலீஸ் என்றால் டிக்கி. இக்னேஷியஸ் திரும்ப வேண்டிய முனையில் திரும்பவில்லை. "ஆஸ்பத்திரி தாண்டிப்பூட்ச்சி சார்" என்றது பின் சீட்டு. மறுபடி சொன்னது. எண்ணூர் வரை, குரல் தேய்ந்து மூச்சாகும் வரை, அதையே சொன்னது. கழிமுகத்தில் அவரைத் தண்ணீருக்குள் உருட்டிவிட்டபோது மூச்சு இருந்தது. அது இக்னேஷியஸுக்கு மட்டும் தெரியும். வேறொருவருக்குத் தெரிந்தால் தூக்குக் கயிறு.

"லைட்டப் போடு சாரே" என்றான் அலி அக்பர்.

போட்டார். சாக்கட்டிச் சிலுவைகள் இருட்டில் கிடக்க, வெளிச்சம் சுவரில் ஏறி, கிடங்கு மாடியிலிருந்த ஒற்றை அறையின் சன்னலுக்குள் போய் விழுந்தது. அங்கே ஒரு பெண் நின்றிருந்தாள். லியோனார்டின் மனைவி ரோஸ்மேரி.

அவளைப் பற்றிப் பேட்டையில் ஒரு பேச்சு உண்டு. எண்ணூரில் கரை ஒதுங்கிய புருஷனின் அடக்கத்தின்போது எல்லோரும் குழிக்குள் ஒரு பிடி மண் போட, இவள் மட்டும் தன் பங்கு மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள். கால் முறிந்தவர் எண்ணூர் வரை நடந்து போயிருக்க முடியாது என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஏற்றிக்கொண்டு போனவனின் வண்டி கண்ணில் படட்டும் என்று காத்திருந்தாள். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள்.

அவள் கண்ணுக்கு மேல் கை வைத்து, வெளிச்சம் வந்த வழியே காரைப் பார்த்தாள். இறங்கி வந்தாள். இக்னேஷியஸை ஏறிட்டும் பார்க்கவில்லை. பின் கதவின் கண்ணாடி இறங்கியிருந்தது. அவர் இறக்கவில்லை. உள்ளே குனிந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, மண்ணைச் சீட்டின் மேல் மெள்ளத் தூவினாள்.

"உனுக்குப் போட வேண்டிய மண்ணு. வாங்கிக்கோ" என்றாள் காலிச் சீட்டைப் பார்த்து. பிறகு, தூங்குகிற பிள்ளைக்குச் சொல்வது போல, "வுட்டுடாத" என்றாள்.

சிரித்துக்கொண்டே மாடியேறிப் போய்விட்டாள்.

அலி அக்பர் அவசர அவசரமாகத் திருகுகளை முடுக்கி வெளிச்சத்தைக் குறிக்கு இறக்கினான்.

"இன்னா பாரம் கீதோ, அதுக்கே புடிச்சிட்டேன். நேரா வூட்டுக்குப் போயிடு. அந்தப் பாரம் பின்னாடியே இருக்கறவரைக்கும் ரோடு தெரியும். எடத்த வுட்டு நவுந்தா வண்டி மூஞ்சி கவுந்துடும், லைட்டு உன் காலடியில வுழும்."

இக்னேஷியஸ் வடக்கே கிளம்பினார். வலப்பக்கம் கடல் இரைந்தது. விளக்கு அவர் ஆசைப்பட்ட மாதிரியே, பாய் விரித்தாற்போல் ரோட்டின் மேல் மட்டமாகக் கிடந்தது. ஒவ்வொரு பள்ளமும் மைல்கல்லும் துல்லியமாகத் தெரிந்தன. கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது, வெளிச்சம் இப்படி மட்டமாக விழுகிறதென்றால் பின் சீட்டில் பாரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது என்று. பின்னால் காட்டும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. நனைந்த கோணி வாடை வந்தது. அதற்கடியில் அரிசித் தவிடு. அதற்கும் அடியில் கழிமுகத்துச் சேறு.

ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற முனை வந்தது. போனது.

பின்னால் ஸ்பிரிங் முனகியது.

வெளிச்சம் நகர்ந்தது. தூரத்து மரம் மறைந்தது. மைல்கல் மறைந்தது. ரோடு முன்னாலிருந்து சுருண்டு, சுருண்டு, காரை நோக்கி வந்தது. பின்பக்கம் எழும்பியது. மூக்கு கவிழ்ந்தது. இடது விளக்கு இன்னும் தாழ்ந்தது.

அம்பாசிடரின் முன் சீட்டு ஒரே நீள மெத்தை. அவருக்கு இடப்பக்கம் அது அமுங்கியது. மெள்ள. ஆழமாக. அவர் உடம்பு தானாகவே அந்தப் பள்ளத்தை நோக்கிச் சரிந்தது. தோளில் ஈரம் பட்டது.

திரும்ப வேண்டிய தெரு எங்கே? தெரியவில்லை. வெளிச்சம் பம்பருக்கு முன்னால் ஒரு முழம்தான். பிரேக்கைத் தேடினார். கால் வரவில்லை. ஆக்சிலேட்டரின் மேலிருந்த அவர் பாதத்தின்மேல் இன்னொரு பாதம் இருந்தது. கனத்த பாதம். கணுக்காலில் எலும்பு நீட்டியிருந்தது.

வீட்டுத் தெரு போயிருக்க வேண்டும். கடைசி விளக்குக் கம்பம் போயிருக்க வேண்டும். ரோட்டின் சத்தம் மாறியது. மணல். பிறகு சேறு.

"ஆஸ்பத்திரி தாண்டிப்பூட்ச்சி சார்" என்றது காதருகே.

அந்த ஒரு முழ வெளிச்சத்தில் தரை இல்லை. கறுத்த தண்ணீர் இருந்தது. பம்பருக்குக் கீழே அது மெள்ள அசைய, மேல்பாதி கறுத்த இரண்டு விளக்குகள் அதற்குள்ளிருந்து அண்ணாந்து எரிந்துகொண்டிருந்தன.