மிதிக்காத எலுமிச்சம்பழங்கள்

நடைபாதையில் டீசல் வாடை அடித்தது.

கயல்விழி நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். சந்தேகமில்லை. புறவழிச்சாலை வந்தபின் பழைய நெடுஞ்சாலையின் இந்தத் துண்டை நடப்பவர்களுக்கென்று ஒதுக்கி, இருபுறமும் அரளி வைத்து, சைக்கிள்கூட நுழையாதபடி இரண்டு முனையிலும் இரும்புக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். ஆனாலும், ஈரம் காயாத புளியஞ்சருகின் மணத்துக்கு அடியில், சூடான எஞ்சினின் வாடை மெல்ல வந்துகொண்டிருந்தது. பொழுது இறங்கியிருந்தது. வேறு யாரும் இல்லை.

அவள் பையில் நாலு எலுமிச்சம்பழங்கள். சாலையாக இருந்த காலத்தில், புது லாரி எடுத்தால், இந்த வளைவில் கருப்பணார் கல்லுக்கு முன்னால் நிறுத்தி, சக்கரங்களுக்கு அடியில் பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் முதல் லோடு ஏற்றப் போவார்கள். அப்பா அப்படிச் செய்யாமல் போனார். திரும்பவில்லை. இன்று அண்ணன் மணிமாறனின் முதல் லோடு.

"வண்டி உள்ள போகாட்டி என்ன கண்ணு. நீ போயி வச்சு, கால்ல மிதிச்சுட்டு வந்துரு" என்று அம்மா அனுப்பியிருந்தாள்.

சக்கரங்கள் நிற்கும் இடத்தைக் கணித்துப் பழங்களை வைத்தாள். மிதிக்கக் காலைத் தூக்கினாள். சாமிக்கு வைத்ததைச் செருப்புக்காலால் மிதிக்கலாமா? கழற்றிவிட்டால் சரியா? யாரிடம் கேட்பது? காலை இறக்கி, அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

செல்போன் அடித்தது. புறவழிச்சாலையிலிருந்து அண்ணன்.

"மிதிச்சியா அம்மணி? இல்ல, சாறு புழிஞ்சு குடிச்சுட்டியா?"

"ஆச்சுங்கண்ணா."

"அப்ப வண்டிய எடுக்கறேன்."

செல்போனில் எஞ்சின் உறுமியது. அவள் முதுகுக்குப் பின்னாலும் உறுமியது.

கயல்விழி திரும்பவில்லை. பயம்கூட வரவில்லை. ஊசி போட்ட ஈறு போல உடம்பு முழுக்க மரத்திருந்தது. பின்னால் ஒரு பழம் வெடித்தது. ஈரமான சிறு சத்தம். இன்னொன்று. பிறகு மற்ற இரண்டும். எலுமிச்சை மணம் வந்தது.

"அண்ணா, நிறுத்துங்க."

"யாரோ ரோட்டு நடுவுல நிக்கறாங்க அம்மணி. ஒதுங்க மாட்டேங்கறாங்க." குரல் இறங்கியது. "உன்ற சுடிதாராட்டவே இருக்குது. பிரேக்கு புடிக்கல. ஒதுங்கச் சொல்லு. அம்மணி, ஒதுங்கு."

ஒதுங்க வேண்டும். கால் வரவில்லை.

ஹாரன். காதிலும் முதுகிலும் ஒன்றாக.

வெளிச்சம் விழுந்தது. புதுத் தளக்கற்களின்மேல் அவள் நிழல். கையில் செல்போனோடு நின்றது.

பெரிதாகிக்கொண்டே வந்தது.