ரைஸ்மில் ஸ்டாப்பிங்கில் ஒரு முழு, ஒரு அரை

கிளியனூரில் பஸ்ஸை விட்டு இறங்கிய டயானா, திண்டிவனம் பக்கமாகவே திரும்பி ஒன்றரை கிலோமீட்டர் நடந்தாள். மே மாத வெயில். நாலுவழிச் சாலை வந்தபோது பழைய ரோட்டின் வளைவு ஒன்றை அப்படியே ஓரங்கட்டிவிட்டு நேராகப் போட்டிருந்தார்கள். அந்த வளைவு இப்போது எங்கும் போகாத ரோடு. இரண்டு பக்கமும் வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடந்தது. அதன் நடுவில்தான் ரைஸ்மில் ஸ்டாப்பிங் இருந்தது. மில்லை எப்போதோ இடித்துவிட்டார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்கார ஒரு சிமென்ட் திண்டும், மேலே ஒரு தளமும் மட்டும் மிச்சம்.

அது 2014. நாட்டில் உள்ள பஸ் ஸ்டாப்பிங்குகளை எல்லாம் ஒரே பட்டியலில் கொண்டுவரும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ஸ்டாப்பிங்குக்கும் தனியாக ஒரு எண். அதன் பேர், சரியான இடம், எந்தத் திசையில் போகும் பஸ் நிற்கும், இப்போது பயன்பாட்டில் இருக்கிறதா இல்லையா. விழுப்புரம் மாவட்டத்துக்கு அந்த வேலையை எடுத்திருந்த கம்பெனியில் டயானா சரிபார்க்கும் பொறுப்பில் இருந்தாள். திண்டிவனத்தில் வீடு. தினமும் விழுப்புரம் ஆபீசுக்குப் பஸ்ஸில் போய்வருவாள்.

ரைஸ்மில்லை மூடிவிட வேண்டியதுதான். மூன்று வருஷமாக எந்த பஸ்ஸும் அந்த வளைவுக்குள் போகவில்லை. ஆனால் கண்டக்டர்களின் டிக்கெட் மிஷினிலிருந்து வரும் தகவல் வேறு சொன்னது. தினமும் மதியம் ஒன்று நாற்பதுக்கு அங்கிருந்து இரண்டு டிக்கெட். ஒரு முழு, ஒரு அரை. இறங்கும் இடம் திண்டிவனம் ஆஸ்பத்திரி ஸ்டாப்பிங்.

நேரில் போய்ப் பார்த்து வரச் சொன்னார்கள். வந்திருந்தாள்.

அவள் மகள் ஜெனித் காய்ச்சலில் போய்ப் பதினோரு மாசம் ஆகிறது. ஆறு வயசு. அதற்குப் பிறகு டயானாவுக்கு எதுவும் உறைப்பதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மனசு கிடந்தது. கணவன் ஆண்டோ பேசினால் பதில் சொல்வாள். சோறு வைத்தால் சாப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் எல்லோரும் எழுந்தால் எழுந்து நிற்பாள்.

திண்டின் எதிரில் நின்று மொபைலில் இடத்தைப் பதிந்தாள். போட்டோ எடுத்தாள். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. நெல் அவிக்கிற வாசனை. பெரிய அண்டாவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த ஆவி. சுற்றிலும் ஒரு குடிசைகூட இல்லை.

நாலுவழிச் சாலை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனால் லாரிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

கால் வலிக்க, திண்டில் உட்காரலாம் என்று கையை ஊன்றினாள்.

திண்டு சுட்டது.

தளத்தின் நிழல் விழும் இடம் அது. வெயிலின் சூடு இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளை படுத்து எழுந்த பாயில் தங்கியிருக்கும் சூடு. அந்தச் சூடு அவளுக்குத் தெரியும். ஒன்பது ராத்திரி அதன்மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்.

கையை எடுக்கவில்லை.

பக்கத்தில் யாரோ இருமினார்கள். சின்ன இருமல்.

"பஸ்ஸு வருமாங்க?" என்று ஒரு பெண்குரல் மிக மெதுவாகக் கேட்டது.

"வரும்," என்றாள் டயானா. பஸ் ஸ்டாப்பிங்கில் கேட்டால் எவரும் சொல்கிற பதில். சொல்லிவிட்டுத்தான் திரும்பினாள்.

ஒருவரும் இல்லை.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. மொபைலைப் பைக்குள் வைத்துவிட்டு நாலுவழிச் சாலைப் பக்கம் நடந்தாள்.

மறுநாள் காலையில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் துரைக்கண்ணுவைப் பிடித்தாள். அந்த டிக்கெட்டுகள் எல்லாமே அவருடைய மிஷினில் அடித்தவை. ரிட்டயராக மூன்று மாசம் இருந்த மனிதர். காக்கிச் சட்டையின் காலர் நைந்திருந்தது. டயானா பட்டியலைக் காட்டியதும் முகம் வெளுத்துப்போனது.

"நான் அடிக்கல மேடம். சத்தியமா அடிக்கல. கிளியனூர் தாண்டினா மிஷின் தானா கக்குது. ஒரு மாசமா கிழிச்சி கிழிச்சி பைக்குள்ள போட்டுக்கினு இருக்கேன்."

"மிஷின மாத்திப் பாத்தீங்களாண்ணே?"

"மூணு மிஷின் மாத்திட்டேன்."

டயானா நேற்று கேட்ட குரலைப் பற்றிச் சொன்னாள். நெல் அவிக்கிற வாசனையைச் சொன்னாள். துரைக்கண்ணு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தலை நிமிராமல் சொன்னார்.

"பூமாலைன்னு பேரு. மில்லுல நெல்லு அவிக்கிற பொண்ணு. தொண்ணூத்தி மூணு. நான் அப்ப ஒரு பிரைவேட் பஸ்ல புதுசா சேந்த கண்டக்டரு. அன்னிக்கு முகூர்த்த நாளு, பஸ்ஸு பிதுங்கிக்கினு போவுது. அந்தப் பொண்ணு புள்ளைய தோள்ல போட்டுக்கினு கை நீட்டுச்சி. ஏழு வயசு புள்ள. தல தொங்கிப்போயி இருந்துச்சி. நான் ரெண்டு விசில் குடுத்து போவச் சொல்லிட்டேன்."

"ஒரு தடவையா?"

"காலைல ஒரு தடவ." துண்டால் முகத்தைத் துடைத்தார். "மத்தியானம் திரும்பி வர்றப்ப அதே எடத்துலதான் நின்னுச்சி. அப்பவும் குடுத்தேன் விசிலு. சாயங்காலம் அந்தப் பக்கம் வந்தா, திண்டுல கும்பல். புள்ள போயிடுச்சி. அது புள்ளைய குடுக்க மாட்டேங்குது. பஸ்ஸு வரும், பஸ்ஸு வரும்னே சொல்லிக்கினு இருந்துச்சாம். ஒரு மாசம் ஓடல. அதுவும் போயிடுச்சி."

டயானாவுக்கு அழுகை வர வேண்டிய இடம். வரவில்லை. பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அந்த ஸ்டாப்பிங்க மூடிடு தாயி," என்றார் துரைக்கண்ணு. மேடம் போய்த் தாயி ஆகியிருந்தது. "கம்ப்யூட்டர்ல மூடிட்டா மிஷின்லயும் அந்தப் பேரு இருக்காதுல்ல? உன் கால்ல வேணா வுழறேன்."

"அதெல்லாம் வேணாண்ணே. அது மூட வேண்டிய ஸ்டாப்பிங்தான்."

ஆபீசுக்குப் போய் ரைஸ்மில்லின் பக்கத்தைத் திறந்து, 'பயன்பாட்டில் இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு தட்டுதான். அந்தப் பேர் சாம்பல் நிறமானது.

அடுத்த நாள் ரைஸ்மில்லிலிருந்து டிக்கெட் இல்லை.

அதற்கு அடுத்த ஸ்டாப்பிங்கான ஏரிக்கரையிலிருந்து இரண்டு டிக்கெட் இருந்தது. மணி இரண்டேகால். ஒரு முழு, ஒரு அரை.

யாராவது ஏறியிருப்பார்கள் என்று விட்டுவிட்டாள். மறுநாள் ஏரிக்கரையில் இல்லை. செங்கல் சூளையில் இருந்தது. அதற்கு மறுநாள் கூட்டுரோட்டில். மணி மூன்றே முக்கால்.

டயானா மூன்று இடங்களையும் மேப்பில் பார்த்தாள். வரிசையாகத் திண்டிவனத்தை நோக்கி. மணியும் பஸ் வேகத்தில் இல்லை, நடை வேகத்தில் ஏறியிருந்தது.

போன் அடித்தது. துரைக்கண்ணு.

"தாயி... நடந்து வர்றாங்க."

ஏரிக்கரைக்கும் சூளைக்கும் நடுவில் இரண்டு கிலோமீட்டர். நிழல் கிடையாது. ரோடு போடும்போது மரத்தையெல்லாம் வெட்டிவிட்டார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த வெயிலில், ஒருத்தி நடந்துகொண்டிருக்கிறாள். நிற்க இருந்த ஒரே இடத்தையும் மூடியது தான்தான்.

பதினோரு மாசத்தில் முதல் முறையாக டயானாவுக்கு எங்கோ வலித்தது. எங்கே என்று சொல்லத் தெரியவில்லை.

"பஸ்ஸு வரும்னு நான்தான் சொன்னேண்ணே," என்றாள். "நாளைக்கு டிரைவர்கிட்ட சொல்லி பஸ்ஸ பழைய ரோட்டுக்குள்ள வுடச் சொல்லுங்க. நானும் வர்றேன்."

போனை வைத்துவிட்டு ரைஸ்மில்லைத் திரும்பத் திறந்தாள். 'பயன்பாட்டில் உள்ளது.'

மறுநாள் துரைக்கண்ணுவின் பஸ்ஸில் புதுச்சேரியிலிருந்தே ஏறி வந்தாள். மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் அவள் மட்டும். முப்பது பேருக்குமேல் இருந்தார்கள். கிளியனூர் தாண்டியதும் டிரைவர் செல்வகுமார் பஸ்ஸை மெதுவாக்கினான்.

"இன்னாண்ணே இது பேஜாரு? முள்ளு டயர்ல குத்தினா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். திருப்புப்பா."

பஸ் வளைவுக்குள் இறங்கியது. முள் இரண்டு பக்கமும் தகரத்தைக் கீறிக்கொண்டே வந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். யாரோ மொபைலில் வைத்திருந்த பாட்டும் நின்றது.

சிமென்ட் திண்டுக்கு எதிரில் பஸ் நின்றது.

துரைக்கண்ணு பின்படியில் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். விசிலைக் கையில்கூட எடுக்கவில்லை.

"ஏறும்மா," என்றார். "எடம் இருக்குது. பாத்து ஏறு."

ஒன்றுமே நடக்கவில்லை.

பிறகு படி அமுங்கியது.

பஸ் அந்தப் பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. அவர் தோளில் தொங்கிய மிஷின் கறகறவென்று இரண்டு டிக்கெட்டைத் தள்ளியது. அவர் அவற்றைக் கிழித்தார். இந்தத் தடவை பைக்குள் போடவில்லை. இரண்டு கையாலும் நீட்டினார்.

எதிரில் யாரும் இல்லை. டிக்கெட்டும் கீழே விழவில்லை. கை காலியானது.

நெல் அவிக்கிற வாசனை நடுவழியாக நடந்து வந்தது. டயானா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். அவள் பக்கத்து சீட்டின் மெத்தை மெதுவாக அமிழ்ந்தது. அந்தச் சூடு புடவையைத் தாண்டித் தொடையில் பட்டது. முன்சீட்டில் இருந்த ஒருவர் எழுந்து, ஒன்றும் சொல்லாமல், டிரைவர் பக்கம் போய் நின்றுகொண்டார்.

திண்டிவனம் வரை யாரும் பேசவில்லை. நடுவில் இருமல் மட்டும் இரண்டு தடவை கேட்டது.

அவள் திரும்பவில்லை. பார்த்துவிட்டால் என்ன முகம் இருக்கும் என்று யோசித்தாள். அந்த யோசனையும் பாதியில் நின்றுவிட்டது.

"ஆஸ்பத்திரி எறங்கு," என்றார் துரைக்கண்ணு. ஒரு நிமிஷம் பொறுத்து, தணிந்த குரலில் மறுபடியும் சொன்னார். "ஆஸ்பத்திரி வந்துடுச்சிம்மா."

மெத்தை எழும்பியது. வாசனை நகர்ந்தது. படி ஒருமுறை அமுங்கி எழுந்தது.

அவர் வெகுநேரம் படியிலேயே நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பூக்காரி, டீக்கடைக்காரர், மாத்திரைச் சீட்டுடன் நடக்கும் மனிதர்கள். பிறகு துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். செல்வகுமார் பஸ்ஸை எடுக்காமல் காத்திருந்தான்.

அதற்கப்புறம் ரைஸ்மில்லிலிருந்து டிக்கெட் வரவில்லை. ஏரிக்கரை, சூளை, கூட்டுரோடு எங்கும் இல்லை. பட்டியலில் அந்த ஸ்டாப்பிங்கை மட்டும் டயானா மூடாமல் வைத்திருந்தாள். கேட்ட மேலதிகாரியிடம், இன்னும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்றாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, டிக்கெட் தகவலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வரியில் கண் நின்றது.

ஏறிய இடம், ஆஸ்பத்திரி. இறங்கிய இடம், ரைஸ்மில்.

ஒரு முழு.

அதற்குக் கீழே தேடினாள். மேலே தேடினாள். அன்றைய நாள் முழுக்கத் தேடினாள். அரை டிக்கெட் இல்லை.

துரைக்கண்ணுவுக்குப் போன் போட்டாள். பஸ்ஸின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"பாத்தியா தாயி," என்றார் கடைசியில். "நேத்து சாயங்காலம். நானே பழைய ரோட்ல எறக்கி வுட்டுட்டு வந்தேன். தனியாதான் எறங்குச்சி."

"புள்ள?"

"ஆஸ்பத்திரியாண்டயே வுட்டுட்டு வந்துடுச்சி போல," என்றார்.

மறுநாள் காலை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ். வழக்கம்போல டயானா பஸ் ஸ்டாண்டிலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி ஸ்டாப்பிங்கில் ஒரு கூட்டம் ஏறியது. இரண்டு பேர் உட்காரும் சீட்டில் அவள் பக்கத்து இடம் காலியாக இருந்தும் ஒருவரும் உட்காரவில்லை. நின்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

விக்கிரவாண்டி தாண்டியதும் வேர்க்கடலைக் கூடையோடு நின்ற ஒரு அம்மாள் குனிந்தாள்.

"ஏம்மா, பாப்பாவத் தூக்கி மடில வெச்சிக்கினா நான் ஒக்காருவேன். காலு கடுக்குது."

டயானா அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள். வெற்றிலைச் சிவப்பு வாய். சாதாரண முகம். அவள் கண் டயானாவின் மேல் இல்லை. பக்கத்து சீட்டின் மேல் இருந்தது.

பஸ் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சில்லறை கேட்டார்கள். யாரோ ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்கள்.

டயானா மடியிலிருந்த ஹேண்ட்பேகை எடுத்துக் கீழே வைத்தாள். கைகளை விரித்தாள்.

மடியில் கனம் ஏறியது.

அந்த அம்மாள் அப்பாடா என்று உட்கார்ந்து, கூடையைக் காலடியில் நகர்த்திக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு டயானாவின் மடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"எறங்கறப்போ ஓடக் கூடாது, இன்னா? அம்மா கையப் புடிச்சிக்கினே ஊட்டுக்குப் போவணும்."