வாசம் போன ஏலக்காய்

ஏலக்காய்க்கு வாசம் போய் எத்தனை ஆண்டாயிற்று என்று போடி மலையில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. சந்தையில் தட்டில் காயைக் கொட்டினால் பச்சை நிறம் பார்ப்பார்கள், பருமன் பார்ப்பார்கள், லிட்டருக்கு எவ்வளவு எடை நிற்கிறது என்று பார்ப்பார்கள். மூக்குக்கு அங்கே வேலை இல்லை. வீடுகளில் பாயசத்துக்கு இரண்டு காய் கூடத் தட்டிப் போட்டுவிட்டுக் கடைக்காரனைத் திட்டினார்கள். வாங்கிய நாடுகள் மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்பியபோதுதான் மலைக்கு உறைத்தது.

தமயந்திக்கு இன்னும் அதிகமாக உறைத்தது. சாறுதூவியைச் செய்தவள் அவள். புறாவளவு இயந்திரம், தோட்டத்தின் மேலே பறந்தபடி காற்றை மோந்து, பூஞ்சை வித்து ஒன்று தட்டுப்பட்டாலும் பூண்டும் வேம்பும் நொச்சியும் பிழிந்த சாற்றை அந்த இலையில் தெளித்துவிடும். விஷமருந்து இல்லாமலே அழுகல் நோய் ஒழிந்தது. அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் ஏலத்தின் வாசம், பூஞ்சையை விரட்டச் செடி தனக்காகவே காய்ச்சிக்கொள்ளும் மருந்து. எதிரியே வராத செடி மருந்து காய்ச்சுவதை விட்டுவிட்டது. இதை அவள் அன்றே யோசித்திருக்க வேண்டும், பாவி, யோசிக்கவில்லை.

இனி நோயைத் திரும்பக் கொண்டுவந்தால்தான் வாசம் வரும். நோய் எங்கே இருக்கிறது? ஆய்வகங்களில் வைத்திருந்ததையும் அவள் சொல்லித்தான் அழித்தார்கள்.

சாறுதூவி வேண்டாம் என்றவன் மலையில் ஒருவன்தான், அவள் தம்பி ஒச்சப்பன். ஒரு தோட்டத்து நோய் எல்லாருக்கும் ஆபத்து என்று, முற்றிய நோய்ச்செடியைத் தூரோடு பொசுக்கும் கட்டளையையும் தமயந்தி இயந்திரத்தில் சேர்த்தாள். அவன் தோட்டம் ஒரே பகலில் கரியானது. அதன்பிறகு அவன் அவளோடு பேசவில்லை.

இப்போது அவன் வாசலில் போய் நின்றாள். சௌசௌப் பந்தலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"ஒச்சு, நோவு விழுந்த தூரு ஒண்ணாச்சும் ஒளிச்சு வச்சிருக்கியாடா? அது இருந்தா வாசத்தை மறுபடியும் கொண்டாந்திரலாம்."

"எரிக்கும்போது கேட்டியாக்கா?"

அவள் அழுதுவிட்டாள். அவன் தண்ணீரை நிறுத்தினான். பிறகு அவளைக் காய் உலர்த்தும் பழைய அறைக்குக் கூட்டிப்போனான். காற்று வெளியேறாதபடி இடுக்கெல்லாம் மெழுகியிருந்தான். உள்ளே விளக்கொளியில் ஒரே ஒரு ஏலச்செடித் தூர். இலையெல்லாம் புள்ளி, தண்டு பாதி அழுகல், ஒரு கொத்தில் கொஞ்சம் காய்.

"சீக்கிரம் பாத்துட்டு கதவச் சாத்துக்கா. காத்து வெளிய போச்சுன்னா அதுக மோப்பம் புடிச்சிரும்."

அவள் ஒரு காயைக் கிள்ளினாள். வாசம் குப்பென்று ஏறியது. சிறுமியைப் போலச் சிரித்தாள். நிறம் எப்படி என்று வெயிலில் பார்க்கக் கொத்தை ஒடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவந்தாள், கதவை அப்படியே போட்டுவிட்டு. காய் கைக்கு வந்ததும் நிறம் பார்ப்பது மலையில் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான்.

தலைக்கு மேலே ரீங்காரம் கேட்டது. ஒரு சாறுதூவி இறங்கி, அவள் கையிலிருந்த கொத்தின் மேல் பதமாகச் சாற்றைத் தெளித்தது. கையெல்லாம் பூண்டு நாறியது. அதன் பின்னால் வந்தவை நேரே அறைக்குள் நுழைந்தன. ஒச்சப்பன் கோணிச்சாக்கை வீசி விரட்டினான். அவை விலகிப் பறந்து மறுபடி தூரிடமே போயின.

"நிறுத்தச் சொல்லுக்கா! நீ செஞ்சதுதானே, ஒன் பேச்சக் கேக்கும்ல?"

"நிறுத்த வழியே வைக்கலடா."

"ஏன்க்கா?"

அறைக்குள்ளிருந்து புகை வரத் தொடங்கியது.

"அன்னைக்கு நீ வந்து கெஞ்சுவே, எனக்கு மனசு எளகிரும்னு தெரியும். அதுக்காகத்தான் வைக்கல."