வெள்ளை வானுக்குப் பூட்டிய அலாரம்

அந்தப் பின்னேரம் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு வெள்ளை வான் திரும்பியது. கிரிக்கெட் விளையாடிய பிள்ளைகள் மட்டையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்பட்டன. யாரோ வானொலியை நிறுத்தினார்கள். போர் மறுபடி மூண்டிருந்த அந்த வருடங்களில் கொட்டாஞ்சேனையில் வெள்ளை வான் வந்து போனால், ஏதோ ஒரு வீட்டில் ஓர் ஆள் குறைந்திருக்கும்.

வான் எங்கள் வாசலில் நின்றது. இறங்கியவர் என் மாமா வின்சன்ற்.

"என்னடி கொறற்றி, ஒழுங்கையே செத்துப் போச்சா? நான்தான்!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

முன்வீட்டு யன்னல் மெல்லத் திறந்தது. "வின்சன்ற், உமக்கு வேற நிறமே கிடைக்கேல்லையா? எனக்குப் பிறஷர் ஏறிப்போச்சு!" என்று ஒரு குரல் ஏசியது.

"மலிவாக் கிடைச்சுது அக்கா. நிறத்தைப் பாத்தே ஹயருக்கு ஆள் ஏத்தி ஓடுறது?"

எல்லோரும் ஒளித்துக்கொண்டபோது ஒருவர் மட்டும் வெளியே ஓடி வந்தார். பக்கத்து வீட்டுக் கொன்ஸ்ரன்ஸ் அன்ரி. அவருடைய ஒரே மகன் கிளெமென்ற். துறைமுகத்தில் கிளார்க் வேலை. போன மாரியில் வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தவனை இப்படியொரு வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்றச் சப்பாத்து வாசலிலேயே கிடந்தது. அன்றிலிருந்து அன்ரி ஏறி இறங்காத வாசல் இல்லை. அவனை எங்கே கொண்டுபோனார்கள் என்று யாராவது சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் அவருடைய கேள்வி.

அன்ரி வான் கண்ணாடியில் கைகளைக் குவித்து உள்ளே பார்த்தார். வெறும் சீற்றுகள்.

"ஆரும் இல்லை," என்றார் மெதுவாக.

மாமா மற்றப் பக்கம் பார்த்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் யன்னலுக்கு எதிரே நிறுத்த இந்த மனிசனுக்கு இதுதானா கிடைத்தது? ஆனால் அம்மா போன பிறகு மாமாவின் வீடு, மாமாவின் சோறு. பள்ளிக்கூடத்தால் நின்றபின் நான் யாரோடும் அதிகம் கதைத்ததும் இல்லை.

மாமா மருதானையிலிருந்து ஒரு பெட்டியும் வாங்கி வந்திருந்தார். அலாரமும் றிமோட் ஸ்ராட்டரும்.

"ஆர் தொட்டாலும் கத்தும். வாசலில நிண்டு றிமோட்டை அமத்தினால் என்ஜின் தானா ஸ்ராட் ஆகும். கீழ ஆராவது குண்டு வைச்சிருந்தாலும் நான் உள்ளுக்கு இருக்க மாட்டன் பார்."

"உங்களுக்கு ஆர் குண்டு வைக்கப் போறாங்கள்?"

"ஆரோ. உனக்கேன்?"

"அப்ப ஒரு கராஜுக்குக் கொண்டுபோங்கோவன்."

"விசரே உனக்கு? தமிழன் ஒருத்தன் றிமோட்டுக்கு வயர் இழுக்கச் சொன்னான் எண்டு மெக்கானிக் ஆரிட்டையும் வாய் விட்டால் காணும், குண்டுக்கெண்டு நினைப்பாங்கள். பிறகு என்னை எங்க தேடுவாய்?"

ஞாயிறு காலையில் ஒழுங்கை முழுவதும் பூசைக்குப் போனதும், வானைத் தறப்பாளால் மூடிக்கொண்டு அதற்குள் ஏறினோம். மாமாவுக்கு இங்கிலிஷ் வாசிக்க வராது. பெட்டிக்குள் இருந்த கடதாசியை நான் வாசித்தேன். கடைசியில் வேலையையும் நானே செய்தேன். சாவியைத் திருப்பித் திருப்பி, சோதனைப் பல்பை ஒவ்வொரு வயரிலும் வைத்துப் பார்த்தேன். எப்போதும் எரிவது ஒன்று, சாவியைத் திருப்பினால் எரிவது ஒன்று, ஸ்ராட் அடிக்கும்போது மட்டும் எரிவது ஒன்று. பிறகு பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த வயர்களில் அலாரத்தின் வயர்களைச் சுற்றி ஈயம் உருக்கிப் பிடிப்பித்தேன். மாமா வயரில் சுற்றும் ரேப்பைப் பிடித்திருந்தார்.

அதிர்வை உணரும் சின்னப் பெட்டியைக் கடைசியாகப் பூட்டினேன். வானை மெதுவாகத் தட்டினால் ஒரு 'கீச்'. பலமாக அடித்தால் சைரன் முழுதாக அலறும். அப்படித்தான் கடதாசியில் இருந்தது.

தறப்பாளுக்குள் வெக்கை ஏற ஏற மணங்கள் எழுந்தன. முதலில் பினாயில். அதற்குக் கீழே வேறொன்று. காற்றே போகாத அறையில் பயந்து வியர்த்த மனிதரின் மணம். பின்சீற்றுக்குக் கீழே விரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருந்தது.

"மாமா, இந்த வான் முதல் ஆரிட்ட இருந்தது?"

"தெமட்டகொடையில ஒரு ஆள். வேலையைப் பார்."

வேலை முடிந்ததும் வாசலில் நின்று றிமோட்டை அமத்தினார். என்ஜின் உறுமியது. சின்னப் பிள்ளைபோல் துள்ளினார். "பாத்தியா! இந்த ஒழுங்கைக்கே நான்தான் ராசா!"

அடுத்த நாள் மத்தியானம், வெயிலில் ஒழுங்கை உறங்கிக் கிடந்தபோது, வானிலிருந்து ஒரு 'கீச்' கேட்டது.

எட்டிப் பார்த்தேன். பூனைகூட இல்லை.

மறுபடி 'கீச்'.

"சென்சரைக் கூட்டி வைச்சிட்டாய் மடைச்சி, போய்க் குறை!" என்று மாமா உள்ளேயிருந்து கத்தினார்.

போய்க் குறைத்தேன். முழுவதுமாகக் குறைத்தேன். கதவைப் பூட்டிவிட்டு இறங்கியதும் அது மீண்டும் கீச்சிட்டது. பின்கதவில் உள்ளங்கையை வைத்தேன். வெயிலில் காய்ந்த தகரம் சுட்டிருக்க வேண்டும்.

அது குளிர்ந்திருந்தது.

என் கையின் கீழே ஒரு தட்டல்.

உள்ளேயிருந்து.

கண்ணாடியால் பார்த்தேன். வெறும் சீற்றுகள். புதிய விரிப்பு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிப்பில் ஓரிடம் பள்ளமானது, யாரோ முழங்காலை ஊன்றுவதுபோல. மறுபடி தட்டல். சப்பாத்துக் குதியால் தகரத்தை உதைக்கிற சத்தம். ஒரு குதி மட்டும். மற்றது மெத்தென்று விழுந்தது, வெறுங்கால் விழுவதுபோல.

எப்போது வந்தாரோ தெரியாது. கொன்ஸ்ரன்ஸ் அன்ரி என் பக்கத்தில் நின்றார். அவர் அழவில்லை. கதவில் காதை வைத்தார்.

"கிளெமென்ற்?"

கீச்.

"அம்மா நிக்கிறன் மகன். இந்த வானிலயா உன்னை ஏத்தினவங்கள்?"

கீச்.

"எங்கயடா கொண்டுபோனவங்கள்?"

சத்தமே இல்லை. தட்டலுக்கு ஊர்ப் பெயரா சொல்லத் தெரியும்? அன்ரியின் முகம் உள்ளே இடிந்ததைப் பார்த்தேன். பிறகு அவர் வேறு கேள்வி கேட்டார்.

"வீட்டை ஆர் காட்டினது?"

அந்த நேரம் பார்த்து மாமா தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலுக்கு வந்தார்.

சைரன் அலறியது.

மாமா பதறி உள்ளே போனார். சத்தம் நின்றது. தலையை நீட்டினார். அலறியது. றிமோட்டை அமத்தி அமத்திப் பார்த்தார். நான் ஓடிப்போய் முன்மூடியைத் திறந்து பற்றரியைக் கழற்றினேன். அலறல் நிற்கவில்லை. சைரனுக்குப் போவது இரண்டே வயர். நான் பூட்டியவை, எனக்குத் தெரியும். இரண்டையும் வெட்டினேன்.

அது இன்னும் உரத்து அலறியது.

இப்போது ஒழுங்கையின் எல்லா யன்னல்களும் திறந்திருந்தன. எல்லோரும் மாமாவையே பார்த்தார்கள். அவர் உள்ளே போய்க் கதிரையில் விழுந்ததும் சைரன் நின்றது. அன்ரியும் நானும் பின்னால் போனோம்.

"அவங்கள் ஒரு பெடியனைக் கேட்டாங்கள்," என்றார். "ஆராவது ஒரு பெடியன். இல்லாட்டி நீ ஏறு எண்டாங்கள். நான் வீட்டைத்தான் காட்டினனான் கொன்ஸ்ரன்ஸ். வேற ஒண்டும் செய்யேல்லை."

"வீட்டைத்தான்," என்றார் அன்ரி.

"இந்தப் பெட்டையையும் வைச்சுக்கொண்டு நான் என்ன செய்ய?"

"என்னை இழுக்காதேங்கோ!" நான் கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அதுக்குக் கூலியா இந்த வான்?"

"கூலி இல்லையடி. கொஞ்சம் மலிவா விட்டாங்கள்."

அவருடைய தேத்தண்ணிக் கோப்பையைச் சுவரில் எறிந்து உடைத்தேன். அவருக்குச் சமைத்த கையை வெட்டிப் போடலாம்போல் இருந்தது.

அன்ரி மட்டும் குரலை உயர்த்தவில்லை. "வானைத் தந்தவன் ஆர்? அவனுக்கு இடம் தெரியும். பேரைச் சொல்லும் வின்சன்ற். நான் போய்க் கேக்கிறன். உம்மைப் பற்றி மூச்சும் விட மாட்டன்."

"சொன்னால் என்னைக் கொண்டுபோடுவாங்கள்."

"என்ர பிள்ளையைக் கொண்டுபோனவங்கள்."

மாமா பெயரைச் சொல்லவில்லை. அன்ரி கோயிலிலிருந்து ஆட்களைக் கூட்டிவரப் போன இடைவெளியில், என்னைத் தள்ளி விழுத்திவிட்டுப் பின்கதவால் ஓடினார்.

சில நாள் கழித்து மாமா முன்வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தார். வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு மேல்மாடி அறையில் இருந்தார்.

"கொறற்றி, என்ர உடுப்புகளைக் கொண்டுவா. அன்ரிக்குச் சொல்லாதை, என்ன?"

"ஓம் மாமா," என்று சொல்லி விலாசத்தை வாங்கினேன். நேரே போய் அன்ரியிடம் கொடுத்தேன். உடுப்பு ஒன்றும் எடுக்கவில்லை.

நாங்கள் காலி வீதி என்ற பெருந்தெருவில் பஸ்ஸால் இறங்கியபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வடை பொரியும் மணம், கடல் உப்பு, ரயிலின் இரைச்சல். ஒழுங்கையின் இரு பக்கமும் கார்கள் வரிசையாக நின்றன. மேல்மாடி யன்னலில் மாமாவின் முகம் தெரிந்தது. அன்ரியைக் கண்டதும் மறைந்தது. பின்படியால் யாரோ தடதடவென்று இறங்கும் சத்தம்.

"பக்கத்து ஒழுங்கைக்குள்ள பாய்ஞ்சிட்டார் அன்ரி!" என்றேன். அங்கே எத்தனை குறுக்கு வழிகள். இனி எங்கே பிடிப்பது? அந்த ஒரு பெயரும் அவரோடு போய்விட்டது என்று நினைத்தேன்.

அப்போது மதில்களுக்கு அந்தப் பக்கம் ஒரு கார் அலாரம் அலறியது.

அது நின்றது. அதற்குக் கொஞ்சம் தள்ளி இன்னொன்று அலறியது.

பிறகு அடுத்தது.

கார்கள் ஒவ்வொன்றாகக் கத்தின. ஒன்று அடங்க ஒன்று. சத்தம் நடந்து போனது. இல்லை, ஓடியது. கடல் பக்கம் திரும்பியது, தயங்கியது, மீண்டும் காலி வீதியை நோக்கி ஏறியது. வீடுகளிலிருந்து ஆட்கள் சாவிகளோடு வெளியே வந்தார்கள். சந்தியில் காவல் நின்ற ஆமிக்காரர்கள் துவக்கைத் தோளிலிருந்து இறக்கிச் சத்தம் வரும் திசையைப் பார்த்தார்கள்.

நாங்கள் சத்தத்தைத் தொடர்ந்து ஓடினோம். எங்கள் முன்னால், ஒரு சந்தைக் கட்டடத்துக்கும் மதிலுக்கும் இடையே, மாமா தெரிந்தார். சட்டை நனைந்திருந்தது. அவர் நின்றால் பக்கத்துக் கார் கத்தியது. நகர்ந்தால் அடுத்தது கத்தியது. கைகளால் காதைப் பொத்திக்கொண்டு பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் வெறும் தெருதான் இருந்தது.

அந்த வெறும் தெருவைப் பார்த்து அன்ரி முந்தானையை இடுப்பில் செருகினார். கூப்பிடு தூரத்தில் நிற்கும் மகனிடம் பேசுவதுபோல, மெதுவாகத்தான் சொன்னார்.

"விட்டிடாதை மகன். அம்மா வாறன்."

மாமாவின் பக்கத்தில் நின்ற கார், ஆளில்லாமல், ஸ்ராட் ஆனது.