இலை நுனியில் உப்பு

நான்கு செடிகளிலும் ஒரே மாதிரி கருகியிருந்தது. விரல் விரித்தாற்போன்ற ஒவ்வொரு இலையின் நுனியிலும், நெருப்பில் காட்டி எடுத்ததுபோல, ஒரு நகம் அளவுக்கு. நேற்று அது இல்லை.

பிராங்கிளின் விளக்கை உயர்த்திக் கட்டினான். செடிகள் அண்ணன் அலெக்ஸாண்டர் வளர்த்தவை. காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போனவன் முப்பத்தெட்டு நாளாகத் திரும்பவில்லை. படகின் பலகை ஒன்று மட்டும் எண்ணூர்க் கரையில் ஒதுங்கியது. உடலைப் பார்க்காமல் கோயிலில் இறந்தோர் பூசை வைக்கக்கூடாது என்று அம்மா டோரதி சொல்லிவிட்டாள். அவளுக்குப் புற்றுநோய் எலும்புவரை இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரி மாத்திரைக்கு அடங்காத வலி, இந்தக் கஞ்சாப் பூவிலிருந்து அண்ணன் இறக்கிய எண்ணெய்க்குத்தான் அடங்கியது. சீசாவின் அடியில் நாலு சொட்டு மிச்சம். பூ முற்ற இன்னும் மூன்று வாரம். அதற்குள் செடி செத்தால் அம்மா கத்திக் கத்தியே சாவாள்.

புழுக்கத்துக்குப் பயந்து அண்ணன் விளக்கை இரவில் எரியவிட்டிருந்தான். அதனால் செடிகள் இருந்த அறைக்குப் பகல்தான் ராத்திரி. காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை ஒரு பொட்டு வெளிச்சம் பட்டாலும் பூ கெட்டுவிடும். ஜன்னலில் தார்ப்பாய், கதவிடுக்கில் பழைய கைலி. கடலுக்குக் கிளம்பும்போதெல்லாம் அண்ணன் சொல்வது ஒன்றுதான்: "நீ அம்மாவப் பாத்துக்கோ. செடிய நான் வந்து பாத்துக்கறேன்."

மாதவரத்தில் நர்சரி வைத்திருக்கும் தோழி ஷாஸியாவுக்குப் படம் அனுப்பினான். தக்காளிச் செடி என்றான். குரல் பதிவு வந்தது.

"ஏன்டா, தக்காளிக்கு எப்ப ஏழு வெரல் மொளச்சுது? சரி வுடு, நான் இன்னாத்துக்குக் கேக்கறேன். அடியெல பழுத்தா சத்து இல்ல. மேலெல வெளுத்தா லைட்டு சூடு. நுனி மட்டும் கருகுனா உப்பு. மண்ணு மேல வெள்ளையா பூத்துகினு கீதா பாரு."

பூத்திருந்தது.

கடலோரத்து போர்வெல் தண்ணீர் கரிக்கும்தான். அதை நிறுத்தினான். கேன் தண்ணீர் ஊற்றி மண்ணை அலசினான், வடிந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தான், கரிப்பு போகும்வரை அலசினான். மறுநாள் மாலை ஏழுக்குக் கதவைத் திறந்தபோது கருகல் பாதி இலைக்கு ஏறியிருந்தது. மண் சொதசொதவென்றிருந்தது. அவன் ஊற்றவில்லை. விரலால் தொட்டு நக்கினான். போர்த் தண்ணீர் இல்லை. கடல்.

அடுத்த நாள் மதியம் இரண்டு மணிக்கு அந்தக் கதவின்மேல் காதை வைத்து உட்கார்ந்தான். தெருமுனையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக உறுமின, மின்விசிறி கிறீச்சிட்டது, பக்கத்து அறையில் அம்மாவின் முனகல் விடாமல் இழைந்தது, கதவிடுக்கு வழியே பூவின் காட்டமான வாசனையோடு டீசலும் ஈர வலையும் கலந்து வந்தது. பிறகு தண்ணீர்ச் சத்தம். கொஞ்சம் ஊற்றி, மண் குடிக்கும்வரை காத்திருந்து, மறுபடி கொஞ்சம். அண்ணன் அப்படித்தான் ஊற்றுவான்.

வெளிச்சம் படாமல் சட்டென்று உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினான்.

இருட்டு. பாசி வாடை. பாதத்தடியில் ஈரம்.

"அண்ணா," என்றான். "ஊத்தாதண்ணா. செடி சாவுது. இத நான் பாத்துக்கறேன். நீ அம்மாவப் பாத்துக்கோ."

சத்தம் நின்றது.

சில்லென்ற ஏதோ ஒன்று அவன் தோளை உரசிக்கொண்டு போனது. கதவு திறக்கவில்லை.

அம்மாவின் முனகல் நின்றது. ஒரு கணம் அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அப்புறம், அம்மாவின் அறையிலிருந்து. கொஞ்சம். நிறுத்தம். மறுபடி கொஞ்சம்.

ஓடினான்.

அம்மா மல்லாந்து கிடந்தாள். கட்டிலைச் சுற்றித் தண்ணீர். உதடுகளில் வெள்ளையாய் உப்பு. வாயோரம் கருகத் தொடங்கியிருந்தது. திறந்த வாயில் விளிம்புவரை தண்ணீர், அசையாமல். அவள் கண்கள் அவனையே பார்த்தன.

தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

வாய் மறுபடி நிரம்பியது.