கேசட்டின் ஏ பக்கம்

பாண்டிச்சேரிக் கடற்கரையை ஒட்டிய அந்தப் பழைய ஹாலுக்கு ஃபாரிஸும் மணிவண்ணனும் மூன்று மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். மரக்காணத்துக்காரர்கள். மணிவண்ணன் உப்பள வேலைக்கு மட்டம் போட்டிருந்தான். பிரான்ஸிலிருந்து வந்திருக்கும் அந்தோணிசாமி கிட்டாரை அலறவிட்டு, டிரம் அடிக்கு நடுவே பாடாமல் மூச்சுவிடாமல் பேசுவானாம். அதற்கு ராப் என்று பேராம். அதைப் பதிந்துகொண்டு போக ஃபாரிஸ் டேப் ரெக்கார்டரைத் தூக்கி வந்திருந்தான்.

காலி கேசட் கிடைக்கவில்லை. கையில் இருந்தது அண்ணன் இஜாஸின் கேசட்.

ஷார்ஜாவிலிருந்து இஜாஸ் கடிதம் எழுதமாட்டான், பேசி அனுப்புவான். வீட்டில் கேட்டுவிட்டு, அதன் மேலேயே பதிலைப் பதிந்து, ஊருக்கும் அரபு நாட்டுக்கும் போய்வரும் சபுராளிகள் யார் கையிலாவது கொடுத்தனுப்புவார்கள். இந்தக் கேசட்டுக்குப் பதில் பேசுவதற்குள் அவனுடைய மவுத்துச் செய்தி வந்துவிட்டது. அங்கேயே அடக்கம். அம்மா சர்புன்னிசா முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு மிஞ்சியது இந்தக் குரல்தான். தினமும் அந்தியில் மக்ரிப் தொழுதுவிட்டு ஏ பக்கத்தைப் போட்டுக் கேட்பாள். பி பக்கம் காலி. அதில் பதிந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அம்மாவிடம் சொல்லாமல் எடுத்து வந்துவிட்டான்.

"டேய், காலிப் பக்கந்தானே போட்ட?"

"எனக்குத் தெரியாதா?"

விளக்குகள் அணைந்தன. வியர்வை நெடியும் ஈரச் சுண்ணாம்பு வாசமும் மூக்கில் ஏறின. கூட்டம் முண்டியது. ஃபாரிஸ் தடவித் தடவி, பதிவதற்கான இரண்டு பட்டன்களையும் சேர்த்து அமுக்கினான்.

கிட்டார் வீறிட்டது. அந்தோணிசாமி மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு பிரெஞ்சில் பொரிந்து தள்ளினான். ஒன்றும் புரியவில்லை, ஆனால் கால் தானாக ஆடியது.

நாலைந்து பாட்டு போனபிறகு புரிந்தது.

"அம்மா, காலு வீக்கம் கொறைஞ்சுதா? வெயிலு நேரத்துல வெளிய போவாதம்மா..."

இஜாஸின் குரல்.

கேசட்டில் இருந்த அதே பேச்சு. அதே வரிசை. டிரம் அடிக்குத் தகுந்தாற்போல் வந்துகொண்டிருந்தது.

"மணி, தமிழ்ல பேசுறான்டா!"

"ஏம்பா, அது பிரெஞ்சு."

ஃபாரிஸ் ரெக்கார்டரை நிறுத்தினான்.

மேடையில் குரலும் பாதி வார்த்தையில் நின்றது. அந்தோணிசாமி மலங்க மலங்க விழித்தான். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பிரெஞ்சில் தொடங்கினான்.

ஃபாரிஸ் வாசல் வெளிச்சத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தான். உள்ளே ஓடியிருந்தது ஏ பக்கம். முக்கால்வாசி அழிந்துவிட்டது.

பஸ்ஸில் அவனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பொம்மையார்பாளையம் தாண்டியதும் எழுந்து படிக்கட்டுக்குப் போனான், மறுபடி வந்து உட்கார்ந்தான். ஊரில் இறங்கும்போது பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். உப்புக் குவியல்கள் இருட்டுக்கு முன்பான வெளிச்சத்தில் வெளுத்துக் கிடந்தன.

அம்மா தொழுது முடித்து, பல்பைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். அவன் சொல்லச் சொல்ல, அடிப்பாள் என்றுதான் நினைத்தான். அவள் அடிக்கவில்லை.

"அழிய அழியப் பேசுனானா?"

"ஆமாம்மா. அந்தப் பாட்டுக்காரன் வாயில..."

"இன்னும் எவ்ளோ மிச்சம் இருக்குது?"

"கொஞ்சந்தான். வேணாம்மா! அதையாவது வெச்சுக்கலாம்."

அவள் ரெக்கார்டரைப் பிடுங்கிக்கொண்டாள். இரண்டு பட்டன்களையும் அவளே அமுக்கினாள்.

டேப் சுற்றியது.

அம்மா வாயைத் திறந்தாள்.

"அடுத்த மாசம் லீவு குடுக்கறாங்கம்மா. ஃபாரிசுக்கு வாட்ச் வாங்கி வெச்சிருக்கேன்..." என்றான் இஜாஸ்.

அம்மாவின் கண்ணில் நீர் வழிந்தது. முகமெல்லாம் சந்தோஷம். ஃபாரிஸ் சுவரோடு ஒட்டி நின்றான். தடுக்கவும் மனம் வரவில்லை, கேட்கவும் தைரியமில்லை. குரல் சலாம் சொல்லி முடித்தது. கேசட்டில் அதற்குமேல் பேச்சே கிடையாது.

டேப் தீர்ந்து பட்டன் டக்கென்று எழும்பியது.

அம்மாவின் உதடுகள் நிற்கவில்லை.

"அம்மா?" என்றான் ஃபாரிஸ்.

"அம்மா இல்லடா," என்றது அவள் வாய். "லைட்டப் போடு. மண்ணுக்குள்ள ஒண்ணும் தெரியல."

பல்பு அவர்கள் தலைக்கு மேலே எரிந்துகொண்டுதான் இருந்தது.