வார்ல்பரியில் நிற்காத வண்டி

அது செவ்வாயா புதனா என்று டெரிக் கோல்ஸுக்கு இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1989 நவம்பர் கடைசி என்பது நிச்சயம். உறைபனி விழத் தொடங்கி மூன்றாம் நாள் என்பதும் நிச்சயம். மற்றவற்றில் எது தான் கண்டது, எது பிறர் சொல்லக் கேட்டது என்பது அவனுக்கே குழம்பிவிட்டது. ஆனால் உதவி கேட்டு வந்த ரயில் டிரைவரின் மனைவி மெகன் பெய்னன் உட்கார மறுத்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

பிரிஸ்டலில் ஆப்ரி ஹாலெட்டின் வீட்டு மாடியில் டெரிக் குடியிருந்தான். ஹாலெட் ரயில் விபத்து விசாரணைகளில் முப்பது ஆண்டு வாக்குமூலம் எழுதி ஓய்வு பெற்றவர். அத்தனை வார்த்தைகளை எழுதியதாலோ என்னவோ, தானாக ஒரு வார்த்தை பேசமாட்டார்.

"என் வீட்டுக்காரருக்கு நாளைக்கு விசாரணை, மிஸ்டர் ஹாலெட். வேலை போயிடும். ரயில்வே வீடு, அதுவும் போயிடும்," என்றாள் மெகன். "அவருகிட்ட யாரும் பேசறதில்ல. அவருக்காகப் பேசவும் ஆளில்ல. இதோ நிக்கிறாரே, இவரும் அந்தக் கூட்டந்தான்."

டெரிக் கோட்டுப் பித்தானைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் சொன்னது பொய்யில்லை.

கோடையில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது டிரைவர் இட்வல் பெய்னன் வண்டியை எடுத்தான். கருங்காலி என்று அன்றே பெயர் வந்துவிட்டது. அதன்பின் டிப்போவில் ஒருவரும் அவனிடம் வாய் திறக்கவில்லை. உணவறையில் அவன் உட்கார்ந்தால் மேசை காலியாகும். ரயிலின் உணவுப் பெட்டியில் பரிமாறும் டெரிக்கும் அவனுக்குத் தேநீர் தருவதை நிறுத்தினான். அவன் ஏன் அன்று வேலைக்குப் போனான் என்று யாருக்கும் தெரியாது. கேட்க வேண்டுமானால் பேச வேண்டுமே.

"திங்கக்கிழமை என்ன நடந்தது?" என்றார் ஹாலெட்.

அந்த வண்டியில் டெரிக்கும் இருந்தான். லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு வரும் அதிவேக டீசல் வண்டி. முன்னால் போக வேண்டிய வண்டி பழுதாகிவிட்டதால், வழக்கமாக நிற்காத வார்ல்பரியில் நின்று ஆட்களை ஏற்றிக்கொள்ளும்படி ரெடிங் நிலையத்தில் உத்தரவு வந்தது. உத்தரவை வாங்கிய கார்டு அதை டிரைவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டிரைவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் விதி. ஆனால் வண்டி வார்ல்பரியில் மணிக்கு நூற்று இருபத்தைந்து மைல் வேகத்தில் பாய்ந்து போனது. ஏறுவதற்காகப் பிளாட்பார விளிம்புக்கு வந்த ஆசிரியை ஒருத்தியைக் காற்று தூக்கி அடித்தது. இடுப்பெலும்பு முறிந்தது.

"சொன்னேன், அவனும் திருப்பிச் சொன்னான்னு கார்டு ஹிக்மன் எழுதிக் குடுத்திருக்கான்," என்றாள் மெகன். "என் வீட்டுக்காரர் கேக்கவே இல்லைங்கிறார். யார நம்புவாங்க?"

நீராவிக் காலமாயிருந்தால் எஞ்சினில் இரண்டு பேர் இருந்திருப்பார்கள். இந்த வேகத்துக்கென்று டீசலிலும் இரண்டு டிரைவர்களை வைத்திருந்தார்கள். சமீபத்தில்தான் ஒருவரைக் குறைத்தார்கள். முன்கோடியில் டிரைவர் தனியாக, பின்கோடியில் கார்டு தனியாக. இடையில் ஒரு மணியும் ஒரு தொலைபேசியும். சாட்சி என்று யாருமில்லை.

மெகன் போனபின் ஹாலெட் சன்னலருகே போய் நின்றார். டெரிக்தான் பொறுக்காமல் கேட்டான்.

"சிக்னல் கோளாறா இருக்குமோ?"

"சிக்னல் பச்சை. நிக்கச் சொன்னது கார்டு வாயால மட்டுந்தான். ரெடிங் தாண்டினப்புறம் நீ ஹிக்மனப் பாத்தியா?"

"பாத்தேன். வார்ல்பரியில நிக்கும்னு ஒலிபெருக்கியில அறிவிச்சான். அப்புறம் எங்கிட்ட வந்து டீ வாங்கினான். கறுப்பு மேசையில வெள்ளை வெள்ளையா விரல் தடம் வெச்சுட்டுப் போனான். சர்க்கரைன்னு நினைச்சுத் துடைச்சேன்."

"சர்க்கரை பிசுபிசுக்குமே."

டெரிக் யோசித்தான். "இல்ல. மாவு மாதிரி இருந்துச்சு."

"வார்ல்பரிக்கு முன்னால பிரேக் வாசனை வந்துச்சா?"

அந்த வண்டிகளில் வேலை செய்தவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி புரியும். பிரேக் பிடித்தால் குளிர்காற்றுக் குழாய் வழியாகப் பெட்டிகளுக்குள் கருகல் வாடை ஏறும். நிலையம் வரப்போகிறது என்பதை டெரிக் மூக்காலேயே தெரிந்துகொண்டு அடுப்பை அணைப்பான்.

"வரல," என்றான் டெரிக்.

ஹாலெட் தொப்பியை எடுத்தார். "டிப்போவுக்குப் போவோம். மூணு நாளாப் பனி. வண்டி கழுவற இடம் உறைஞ்சுபோயிருக்கும்."

உறைந்துதான் கிடந்தது. வண்டிகள் அழுக்கேறி வரிசையாக நின்றன. திங்கட்கிழமை முன்னால் வந்த எஞ்சினை டெரிக் எண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்தான். ஹாலெட் ஒரு பக்கமாக நடந்து போய், டிரைவர் ஏறும் கதவருகே நின்றார். நின்றவர் நகரவேயில்லை. டெரிக் எட்டிப் பார்த்தான்.

மறுநாள் விசாரணைக்குச் சற்று முன்னால், டிப்போ மேலாளரை ஐந்து நிமிடம் உணவறைக்கு வரும்படி ஹாலெட் கேட்டுக்கொண்டார். அங்கே இருபது பேர் இருந்தார்கள். பெய்னன் மூலையில், கைகளை மேசைமேல் வைத்து உட்கார்ந்திருந்தான். ஹிக்மன் அடுப்போரம், சட்டமாகக் கால்களை நீட்டியிருந்தான்.

"என்ன பெருசு, கருங்காலிக்கு வக்கீலா?" என்றான் ஹிக்மன். நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

"வக்கீல் இல்ல. படிக்கத் தெரிஞ்சவன். உங்க வாக்குமூலத்தப் படிக்கிறேன், சரியான்னு சொல்லுங்க." மேலாளர் தந்த நகலை விரித்து, ஹாலெட் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "'ரெடிங்கில் எஞ்சினுக்குப் போய், சன்னல் வழியாக டிரைவர் பெய்னனிடம் வார்ல்பரியில் நிற்க வேண்டும் என்று சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.'"

சிரிப்பு நின்றது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"அப்படின்னா?" வயதான டிரைவர் ஒருவர் எழுந்தார். பெயர் கார்பட். "நீ இவங்கிட்டப் பேசினியா?"

கார்பட் அடுப்பை நோக்கி ஓர் அடி வைத்தார்.

"என் தம்பி மகன் பெர்ரி, இவனுக்கு ஒரே ஒரு காலை வணக்கம் சொன்னான். அதுக்கு அவன் பெட்டியில செத்த எலியப் போட்டு, ஊரவிட்டே ஓட வெச்சியேடா! அவன் சொன்னது ஒரு வார்த்தை. நீ மூணு வாக்கியம் பேசியிருக்க!"

"அது வேற, கார்பட். டூட்டி விஷயம்..."

"டூட்டியா? அன்னிக்கு அவன் சொன்னதும் டூட்டியிலதான்! துரோகி!"

"நாக்க அடக்கு! நான் பேசல!" ஹிக்மன் எழுந்துவிட்டான். முகம் சிவந்து போயிருந்தது. "அந்த நாயிகிட்ட நான் ஒரு வார்த்தை பேசல. ஆறு மாசமா ஒரு வார்த்தை..."

அப்புறம்தான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. மேலாளர் பேனாவை மூடினார்.

ஹாலெட் குரலை உயர்த்தவில்லை. "பேசலன்னு எனக்குத் தெரியும். உங்க விரல்ல இருந்தது சாக்கட்டித் தூள். எஞ்சின் கதவுல, சன்னலுக்குக் கீழ, 'வார்ல்பரியில் நில்' அப்படின்னு எழுதினீங்க. கழுவற இடத்துல அழிஞ்சிடும்னு நினைச்சீங்க. பனி அழிக்க விடல. இன்னும் அங்கேயே இருக்கு. வாயால சொல்லியிருந்தா சாக்கட்டி எதுக்கு?"

"அவன் சன்னலத் தொறந்து பாத்திருக்கலாமே!" என்றான் ஹிக்மன்.

முதல்முறையாகப் பெய்னன் பேசினான். யாரையும் பார்க்காமல் பேசினான். "ஆகஸ்ட்ல சன்னல் வழியா ஒருத்தன் மூஞ்சியில துப்பினான். அதுலேருந்து நான் பிளாட்பாரத்துப் பக்கம் தொறக்கறதில்ல. மணி ரெண்டு தடவ அடிச்சா வண்டிய எடுப்பேன். பிரிஸ்டல்லயும் பிளாட்பாரம் இல்லாத பக்கக் கதவால இறங்கிட்டேன், எழுத்தப் பாக்கவே இல்ல."

"இதுவரைக்கும் வீம்புன்னு சொல்லலாம்," என்றார் ஹாலெட். "இனிமேதான் கேள்வி. அந்த வேகத்துல நிக்கணும்னா ஒரு மைலுக்கு மேல முன்னாடியே பிரேக் பிடிக்கணும். வாசனை வரல, வேகம் குறையல. உங்க தலைக்கு மேல பிரேக் கைப்பிடி. கைக்கு எட்டற தூரத்துல தொலைபேசி. 'நில்லு'ன்னா ஒரே வார்த்தை. ஏன் சொல்லல?"

அடுப்பில் கரி உடைந்து விழுந்தது.

"போகட்டும்னு விட்டேன்," என்றான் ஹிக்மன். "போனா அவன் தலையிலதான விழும். பிளாட்பாரத்துல அந்தம்மா விளிம்புக்கு வருவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வெளியே வந்தபோது டெரிக் ஆர்வத்தோடு பேசத் தொடங்கினான். கார்பட்டின் கோபத்தை முன்கூட்டியே எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டான். ஹாலெட் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"பயணிங்க பெட்டியோட கதவுகிட்ட நின்னுட்டு இருந்தாங்களா, டெரிக்?"

"ஆமா. ஒருத்தர் 'என்னப்பா, நிக்கற மாதிரி தெரியலையே'ன்னாரு."

"உன் அடுப்புக்கு மேலயும் அபாயச் சங்கிலி இருக்கில்ல?"

திங்கட்கிழமை வண்டியில் டெரிக் அந்தச் சங்கிலியை நிமிர்ந்து பார்த்தான், இழுக்கவில்லை. பெய்னன் மாட்டிக்கொள்ளட்டும் என்று ஒரு கணம் நினைத்ததும் உண்மை. அது நினைவுப் பிசகு அல்ல என்பது மட்டும் அவனுக்கு உறுதியாகத் தெரியும்.

ஹிக்மனைக் கார்டு வேலையிலிருந்து நீக்கிப் பார்சல் கிடங்குக்கு அனுப்பினார்கள். அங்கே அவனோடு யாரும் பேசவில்லை. பொய் சொன்னதற்காகவா, கருங்காலியைக் காப்பாற்றும்படி ஆனதற்காகவா என்று அவனுக்கும் யாரும் சொல்லவில்லை. ஆசிரியை கைத்தடியோடு பள்ளிக்குத் திரும்பினாள். கார்பட் அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். பெர்ரி திரும்பி வரவில்லை. ஹாலெட் இரண்டு குளிர்காலம் கழித்து இறந்தார். டெரிக் வேறு வீடு பார்த்துக்கொண்டான். பெய்னனுக்கு வேலையும் வீடும் தங்கின. விசாரணை முடிந்த வாரம் டெரிக் ஒரு கோப்பைத் தேநீரை எஞ்சின் வரை எடுத்துப்போய்ச் சன்னலைத் தட்டினான். சன்னல் திறந்தது. பெய்னன் முழுவதையும் குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும் பேசவில்லை, அதன்பின் ஒன்பது ஆண்டுகளும் பேசவில்லை.